மருந்தும் அளவும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற செவிலியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



வெள்ளிவிழா மேடையில் வாழ்த்துக் கூறி அமர்வது எளிது. ஆனால் சங்கத்தார் எங்களிடம் வாழ்த்துக் கேட்கவில்லை; பாடம் கேட்டார்கள். நம் குடும்பங்களிலிருந்து செவிலியர் பயிற்சிக்குச் சென்றிருக்கும் பெண்களும் தம்பிமார் சிலரும் மருந்தியல் என்னும் பாடத்தின் பெயரைக் கேட்டாலே அஞ்சுகின்றனர் என்றும், அந்த அச்சத்தைப் போக்குமாறு பேச வேண்டும் என்றும் பணித்தார்கள். ஒரு மாலைப் பொழுதில் மருந்தியலைக் கற்பித்துவிட யாராலும் இயலாது. அதன் அடிப்படை எது என்பதையும், அதை நம் பிள்ளைகள் ஏன் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் மட்டும் எடுத்துரைக்க முயல்கிறோம். பெரியோர்கள் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம். மருந்து உண்ணாதவர் இவ்வவையில் ஒருவரும் இரார்.

மருந்து நம் சமுதாயத்திற்குப் புதியதொன்றன்று. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். தாம்பரத்தில் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பல ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்த கைகள் நம் பாட்டிமார் கைகள்தாம். பிள்ளை பிறக்கும் வரை அக்கைகள் வேண்டியிருந்தன. பிறந்த பின்னர் அவர்களுக்குரிய இடம் வாசல்படியாக இருந்தது. அந்தக் கையின் அறிவு ஏட்டில் ஏறவில்லை, சான்றிதழ் பெறவில்லை. இன்று அவர்களுடைய பேத்திமார் சீருடை அணிந்து மருத்துவமனையின் உள்ளே நிற்கின்றனர். உள்ளே நிற்பவர் சொன்னதை மட்டும் செய்யும் கையாக நிற்கப் போகிறாரா, ஏன் செய்கிறோம் என்று அறிந்த கையாக நிற்கப் போகிறாரா என்பதே எங்கள் கேள்வி.

மருந்தியல் என்றவுடன் மாணவிகள் ஒரு நீண்ட பெயர்ப் பட்டியலை எண்ணுகின்றனர். தேர்வுக்கு முதல்நாள் இரவு அதை உருப்போடுகின்றனர். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகின்றனர். தமிழ்வழி பயின்று வந்த பிள்ளைகளுக்கு அப்பெயர்கள் வாயிலும் நுழைவதில்லை. அதற்கொரு வழி உண்டு. பெயரின் வாலைப் பாருங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளாக்சசிலின் என்று சிலின் என முடிபவை யாவும் பென்சிலின் குடும்பம். அவற்றில் ஒன்று ஒருவருக்கு ஒவ்வாதிருந்தால் குடும்பம் முழுவதையும் ஐயத்துடன் நோக்க வேண்டும். அடினலால், ப்ரோப்ரனலால் என முடிபவை இதயத் துடிப்பைத் தணிப்பவை. கொடுக்கும் முன் நாடி பார்த்தாக வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில் என்பன இரத்த அழுத்தத்திற்கானவை. அவற்றை உண்பவர் வறட்டு இருமலால் அவதிப்பட்டால் காரணம் மாத்திரையாக இருக்கக்கூடும். ஊரில் குடும்பப் பெயரைக் கொண்டு ஆளை அடையாளம் கண்டு ஒதுக்கும் வழக்கத்தை வெறுக்கும் நாம், மருந்தில் மட்டும் குடும்பம் பார்க்கத்தான் வேண்டும்!

இனி அடிப்படைக்கு வருவோம். விழுங்கிய மாத்திரைக்கு என்ன நேர்கிறது? குடலிலிருந்து இரத்தத்தில் சேர்கிறது. இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவுகிறது. பெரும்பாலும் கல்லீரலில் உருமாறுகிறது. பிறகு பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. புத்தகம் இதை நாற்பது பக்கங்களில் கூறும். நமக்குச் செம்பரம்பாக்கம் ஏரி போதும்.

பூந்தமல்லியைச் சேர்ந்தவர்கள் அந்த ஏரியை அறிவார்கள். அதன் முழு ஆழம் 24 அடி. வரத்துக் கால்வாய்களில் நீர் வருகிறது. மதகுகளின் வழியே போகிறது. வருவதும் போவதும் ஒத்திருந்தால் மட்டம் நிலைக்கும். நீர் மிகத் தாழ்ந்தால் சென்னைக்குக் குடிநீர் இல்லை. மிக உயர்ந்தால் என்னவாகும் என்பதை 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை மக்கள் கண்டார்கள். உடலிலுள்ள மருந்தும் இவ்வாறே. ஒரு குறிப்பிட்ட மட்டத்திற்குக் கீழே அது பயன் தராது. ஒரு மட்டத்திற்கு மேலே அது நஞ்சு. வேளைதோறும் கொடுக்கும் மாத்திரை வரத்து. கல்லீரலும் சிறுநீரகமும் மதகுகள். மட்டத்தைக் காப்பவரே செவிலியர்.

இரத்தத்திலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்பர். பாராசிட்டமாலுக்கு அது இரண்டு மூன்று மணி நேரம். ஆதலால் காய்ச்சல் நீடித்தால் ஒரு நாளில் சில வேளை கொடுக்கிறோம். இதயத்திற்கான டிஜாக்சினுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை நாள். ஆதலால் நாளுக்கு ஒரு வேளை போதும். இதே டிஜாக்சினில் பயன் தரும் மட்டத்திற்கும் நஞ்சாகும் மட்டத்திற்கும் இடைவெளி மிகக் குறுகியது. முதியவர் ஒருவருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மதகு பாதி அடைபட்டது போல் ஆகும். வரத்து மாறாதிருக்க மட்டம் உயர்ந்துகொண்டே போகும். ஆகவேதான் அம்மருந்தைக் கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுகிறோம். வயது வந்தவருக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் அறிவிக்கிறோம். காரணம் அறிந்தவள் இதை ஒருநாளும் மறவாள்.

இந்த அடிப்படை எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ய வல்லது என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஒரு சான்று நம் சென்னையில் நிகழ்ந்தது. அதை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது எங்களுக்கு வருத்தம்.

காசநோய்க்கு ஒரு காலத்தில் மருந்தே இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு என்று சானடோரியங்களில் படுக்க வைத்தார்கள். வசதியுள்ளவன் படுத்தான், ஏழை இருமிக்கொண்டே வேலைக்குப் போய் மாண்டான். 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. அதைத் தனியாகக் கொடுத்தபோது நோயாளி தேறினார். சில மாதங்களில் பலர் மீண்டும் வீழ்ந்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்டன என்பது 1948இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வில் தெளிவாயிற்று. பிறகு பாஸ் என்னும் மருந்தும், 1952இல் ஐசோநியாசிட்டும் வந்தன. மருந்து வந்துவிட்டது; படுக்கை எங்கே? இந்தியாவின் காசநோயாளிகள் அனைவரையும் சானடோரியத்தில் சேர்ப்பது கனவிலும் நடவாத காரியம்.

1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் இயங்குவது அந்நிலையமே. நகரத்து ஏழைகள் 193 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் படுக்கையில் இருந்து, நல்ல உணவுண்டு, செவிலியர் கையால் மருந்து பெற்றார்கள். மற்றொரு பிரிவினர் நெரிசல் மிக்க தம் வீட்டிலேயே இருந்து, கிடைத்ததை உண்டு, அதே ஐசோநியாசிட்டையும் பாஸையும் தாமே உட்கொண்டார்கள். ஓராண்டின் முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் நோய் அடங்கி நின்றார்கள். ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கியபோதும் இரு பிரிவினருக்கும் பெரும் வேற்றுமை தோன்றவில்லை. நோயாளி வீட்டிலேயே இருந்ததனால் உடன் வாழ்ந்தவருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை.

1959இல் இந்த முடிவு வெளிவந்தது. பின்னர் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. ஏழையின் குடிசைக்குள்ளேயே சரியான மருந்து, சரியான அளவில், தவறாமல் சென்றால் அவன் பிழைப்பான் என்பதைச் சென்னை மெய்ப்பித்தது. உணவு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. பட்டினியில் கிடப்பவனுக்கு நோய் வருவதும் எளிது, சாவதும் எளிது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நோயாளியின் எடையையும் மூச்சின் வேகத்தையும் தாங்குதலின்றி எழுந்து நிற்க இயலுமா என்பதையும் முதலிலேயே பார்த்து, நலிந்தவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்குக் காரணம் அதுவே. அதைப் பார்ப்பவரும் பெரும்பாலும் மருத்துவமனையின் கடைநிலைப் பணியாளரும் செவிலியருமே.

அந்த ஆய்வில் எங்களைக் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. வீட்டு நோயாளி மருந்தை உண்மையாகவே உண்டாரா என்று எப்படி அறிவது? முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சந்து சந்தாக நடந்து இவ்வேலையைச் செய்த சுகாதாரப் பணியாளர்களின் பெயர்கள் புத்தகங்களில் இல்லை. அவர்கள் கொண்டுவந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் அந்த ஆய்வும் இல்லை.

நம் வட்டாரத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1968 முதல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களிலும் சேரிகளிலும் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிய உலகின் மிகப் பெரிய ஆய்வு நடந்தது. லட்சக்கணக்கானோர் கை நீட்டினார்கள். வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்னும் கசப்பான விடையை நம் மக்களின் கைகளே உலகுக்குத் தந்தன. பச்சிளங் குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சலாகவும் உடலெங்கும் பரவியும் வரும் கொடிய காசத்தை அது தடுப்பதனால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். உடலைத் தந்து ஓர் அறிவு பிறக்க உதவியவர்களின் பேரப் பிள்ளைகள் அவ்வறிவைத் தமதாக்கிக்கொள்ள வேண்டாமா?

இன்று காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். நாள்தோறும், எடைக்கேற்ற எண்ணிக்கையில். ஏன் இத்தனை என்று நோயாளி கேட்பார். கணக்கைச் சொல்லுங்கள். புண்பட்ட நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் உள்ளன. ஐசோநியாசிட்டுக்கு இயல்பாகவே அடங்காத கிருமி ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று. ரிபாம்பிசினுக்கு அடங்காதது ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒருசேர அடங்காதது கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமி எவர் உடலிலும் இராது. ஆகவே இரண்டும் சேர்ந்தால் தப்பும் கிருமி இல்லை. ஒன்றை மட்டும் கொடுத்தால் தப்பியது பெருகும். இருமல் நின்றதென்று இரண்டாம் மாதத்தில் மாத்திரையைத் தூக்கிப் போடுபவர், எஞ்சிய கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

அவர் தூக்கிப் போடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றை முன்கூட்டிச் சொல்வது செவிலியர் கடன். ரிபாம்பிசின் உண்டால் சிறுநீர் செம்மஞ்சளாகும். சொல்லாமல் விட்டால் இரத்தம் போகிறதென்று அஞ்சி நிறுத்திவிடுவார். அதே மருந்து கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைத்துவிடும். இளம்பெண்ணிடம் இதைச் சொல்லக் கூசினால் அவள்தான் துன்புறுவாள். ஐசோநியாசிட்டை உடல் உருமாற்றும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். நம்மவரில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவாக உருமாற்றுபவர். அவர்களுக்குக் கைகால் மரத்துப்போதல் எளிதில் வரும். இதற்காகவே சிறிதளவு வைட்டமின் பி6 சேர்க்கிறோம். எதாம்புடால் பார்வையைக் கெடுக்கக்கூடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா என்று கேளுங்கள். பைரசினமைடு மூட்டுவலி தரும். அது பெரும்பாலும் தாங்கக்கூடியது. கண் மஞ்சளாகி, ஓயாது வாந்தி எடுத்தால் மட்டும் காத்திராதீர்கள். மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; கல்லீரல் தாக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்து, கணக்கு. நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுவே என்பதைக் கண்டிருக்கிறோம். 'உங்களுக்கெல்லாம் கணக்கு எங்கே வரப்போகிறது' என்று வகுப்பறையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அச்சொல் ஐம்பது வயதிலும் காதில் ஒலிக்கும். ஆனால் மருந்துக்கு வேண்டிய கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்றால் வேண்டியது 150 மில்லிகிராம். கடையில் ஒரு புட்டியில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றிருக்கும். அதில் ஆறு மில்லி கொடுக்க வேண்டும். மற்றொன்றில் ஐந்து மில்லிக்கு 250. அதில் மூன்று மில்லி போதும். சொட்டு மருந்துப் புட்டியில் ஒரு மில்லிக்கே 100. அதில் ஒன்றரை மில்லிதான். போன முறை ஆறு மில்லி கொடுத்தோமே என்று எண்ணும் தாய், சொட்டு மருந்தில் ஆறு மில்லி கொடுத்தால் 600 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அது வேண்டியதைப் போல் நான்கு மடங்கு. வேளைதோறும் இப்படிக் கொடுத்தால் பிஞ்சுக் கல்லீரல் தாங்காது. ஆகவே 'எத்தனை மில்லி' என்று மட்டும் எந்தத் தாயிடமும் சொல்லாதீர்கள். எந்தப் புட்டியில் என்பதையும் காட்டிச் சொல்லுங்கள். சமையற்கட்டுக் கரண்டியால் அளப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்சுலின் இதனினும் கூர்மையானது. அண்ணல் அம்பேத்கர் நீரிழிவால் துன்புற்றவர் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இன்று நம் தெருக்களில் அந்நோய் இல்லாத தெரு இல்லை. நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 அலகு கொண்ட இன்சுலின் புட்டியும் உண்டு, 100 அலகு கொண்டதும் உண்டு. 40க்கு உரிய ஊசியின் மூடி சிவப்பு. 100க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. 100 அலகுப் புட்டியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 10 என்னும் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 அலகு. வியர்த்து, நடுங்கி, நினைவு தவறி, இரவோடு இரவாக உயிர் போகலாம். பார்ப்பதற்கு ஊசி சரியாகத்தான் இருக்கும், கோடும் சரியாகத்தான் இருக்கும்.

புள்ளி ஒன்றினால் பத்து மடங்கு மாறும். அரை மில்லிகிராமை எழுதும்போது புள்ளிக்கு முன்னே சுழியம் இட்டு 0.5 என்று எழுதுங்கள். சுழியமின்றி எழுதிய புள்ளி மங்கினால் ஐந்தாகிவிடும். பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அந்தச் சிறு குப்பி காய்ச்சி வடித்த நீர்க் குப்பியைப் போலவே தோன்றும். ஆள், மருந்து, அளவு, வழி, வேளை ஆகிய ஐந்தையும் சரிபார் என்று உங்கள் ஆசிரியை நாள்தோறும் சொல்வார். அதை நாங்கள் மீண்டும் விரிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆசிரியை சொல்லாத ஒன்று உண்டு. சீட்டில் எழுதியிருக்கும் அளவு பிழை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எழுதியவர் பெரிய மருத்துவர். நேரம் நள்ளிரவு. நீங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி. என்ன செய்வீர்கள்? கேள்வி கேட்காதே, தலை நிமிராதே, சொன்னதைச் செய் என்று தலைமுறை தலைமுறையாக நமக்குப் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறது. வேறு வீட்டுப் பெண்ணுக்குத் தயக்கம் வரும் இடத்தில் நம் வீட்டுப் பெண்ணுக்கு நடுக்கமே வரும். 'கோட்டாவில் வந்தவளுக்கு என்ன தெரியும்' என்னும் சொல் எங்கள் காதிலும் விழுந்திருக்கிறது. இருந்தும் சொல்கிறோம்: கேளுங்கள். 'ஐயா, இந்த அளவை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் எனக்கு இப்படி வருகிறது' என்று கணக்கோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் நன்றி சொல்வார். சினப்பவர் சினக்கட்டும்; மேற்பார்வைச் செவிலியரிடம் செல்லுங்கள். விடை வரும் வரை ஊசியைக் கீழே வையுங்கள். பிழையான அளவைக் கொடுத்த பின் 'அவர் எழுதினார், நான் கொடுத்தேன்' என்று சொன்னால் செவிலியர் விடுபட மாட்டார். கணக்குத் தெரிந்தவளுக்கே அவ்வாறு நிற்கும் துணிவு வரும். மருந்தியலை உருப்போடாதீர்கள், புரிந்துகொள்ளுங்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதற்காகவே.

இச்சங்கத்தின் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாலை வகுப்புகளில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்தப் பாடுபடுகிறீர்கள், அது வேண்டியதே. எட்டாம் வகுப்பிலேயே விகிதம், பின்னம், தசமம் ஆகிய மூன்றையும் ஐயமறக் கற்பித்துவிட ஓர் ஆசிரியரை அமர்த்துங்கள். மருத்துவமனைக்குச் செல்லாத பிள்ளைக்கும் தொழிற்பேட்டையில் அது பயன்படும்.

வரும் ஞாயிறு முதல், மாதம் ஒருமுறை, காலை பத்து மணிக்கு நாங்கள் சிலர் இச்சங்கக் கூடத்தில் அமர முடிவு செய்திருக்கிறோம். செவிலியர் மாணவிகள் குறிப்பேட்டுடன் வரலாம். சர்க்கரை நோயுள்ள பெரியோர்கள் தாம் பயன்படுத்தும் ஊசியையும் புட்டியையும் எடுத்து வரலாம். குழந்தையுள்ள தாய்மார் வீட்டிலிருக்கும் மருந்துப் புட்டிகளை, காலியானவையாயினும், கொண்டு வாருங்கள். அவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் சிறிய எழுத்தைப் படிப்பதிலிருந்து முதல் வகுப்பு தொடங்கும்.